தொழிற்காயமும் வைத்தியரின் தொடர்கல்வியும்: தம்புள்ளையை முன்வைத்து ஒரு விசாரணை

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் பெருந்தெருவும், குருநாகல் வழியாகத் திருகோணமலைக்குப் போகும் பெருந்தெருவும் மாத்தளை மாவட்டத்தின் வட எல்லையை அடுத்த தம்புள்ளையில் ஒன்றையொன்று சந்திக்கின்றன. நெடுங்காலம் குகைவிகாரையின் பெயராலேயே அறியப்பட்டு வந்த இவ்வூர், 1999ஆம் ஆண்டு விசேட பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்டதிலிருந்து, நுவரெலியாவின் லீக்ஸும் கரட்டும், வெலிமடையின் போஞ்சியும், யாழ்ப்பாணத்தின் வெங்காயமும், சுற்றுப்புற வயற்காடுகளின் மரக்கறிகளும் ஒருங்கே வந்திறங்கி, மறுபடி ஏறிச் செல்லும் சந்தையாக மாறிற்று. இறங்குவதும் ஏறுவதும் தாமாக நிகழ்வன அல்ல. அவற்றை நிகழ்த்துவோரை இலங்கைத் தமிழர் நாட்டாமை என்பர். சிங்களமும் அச்சொல்லை நாட்டாமி என வாங்கிக்கொண்டது. ஊர்த் தலைவனுக்குத் தமிழகம் வழங்கும் பெயர் கடல் கடந்ததும் சுமை தூக்குவோனுக்கு உரியதாய்விட்டமை சொல்லாராய்ச்சியாளர் சிந்தனைக்குரியது. வைத்தியரின் சிந்தனைக்குரியது அவனுடைய முதுகெலும்பு.

அச்சுமை எவ்விதம் ஏறுகிறது என்பதைச் சற்று அருகில் நின்று பார்த்தல் வேண்டும். லொறியின் பின்பலகையில் நிற்கும் இருவர் மூடையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துத் தூக்க, கீழே நிற்பவன் சாக்கை மடித்துச் செய்த சும்மாட்டைப் பிடரியில் வைத்துக்கொண்டு, முழங்காலைச் சிறிது மடக்கி, முதுகைக் காட்டி நிற்கிறான். மூடை விழும் கணத்தில் அவன் கழுத்து ஒருமுறை முன்னே தள்ளப்பட்டு மீள்கிறது. பின்னர் நசுங்கிய கோவா இலைகளும் கழுவுநீரும் கலந்து வழுக்கும் சீமெந்துத் தரையில், கால்விரல்களால் தரையைப் பற்றியபடியே விரைந்து நடக்கிறான். சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1967ஆம் ஆண்டுச் சிபாரிசில் வயதுவந்த ஆணொருவன் தூக்கத்தக்க உச்சபாரமாக 55 கிலோகிராமைக் குறித்தது. சந்தையில் மூடையின் பாரத்தை நிர்ணயிப்பது சிபாரிசன்று, சாக்கின் கொள்ளளவும் கட்டுபவனின் மனமுமே. இக்காட்சியை ஒருதரமேனும் கண்டறியாத வைத்தியர், வெளிநோயாளர் பிரிவில் தம்முன் வந்து குனிந்து நிற்பவனது துண்டில் ‘முதுகுவலி’ என ஒரே சொல்லை எழுதி, வலிமாத்திரையும் தைலமும் கொடுத்து அனுப்பிவிடுகிறார். அவர் எழுதியதில் பிழையில்லை. எழுதாமல் விட்டதிலேயே பிழை இருக்கிறது.

இத்தாலியின் மொடேனா நகரத்து வைத்தியர் பெர்னார்டினோ ரமஸ்ஸினி, தொழிலாளர் நோய்களைப்பற்றி 1700ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், இப்போக்கிரட்டீஸ் கேட்கச் சொன்ன வினாக்களோடு ‘நீ என்ன தொழில் செய்கிறாய்?’ என்பதையும் சேர்த்துக்கொள்ளுமாறு சகவைத்தியரை வேண்டினார். தம் வீட்டு மலக்குழியைத் துப்புரவாக்கியவன் ஏன் இவ்வளவு பதைபதைத்து வேலை செய்கிறான் என்று அவனையே விசாரித்து, அவன் கண்கள் படும் பாட்டை அவன் வாய்மொழியாகவே அறிந்தமைதான் அந்நூலுக்கு வித்தாயிற்று. மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் அவ்வினா நம் வைத்தியக் கல்வியில் ஓரத்துக் குறிப்பாகவே நிற்கிறது. மாணவன் எலும்பின் பெயரையும் நரம்பின் பாதையையும் கசடறக் கற்கிறான். அவ்வெலும்பும் நரம்பும் காலை முதல் மாலை வரை என்ன செய்து ஜீவனம் நடத்துகின்றன என்பதை எவரும் அவனுக்குக் கற்பிப்பதில்லை. தொழிற்காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்யும் வைத்தியர்க்குத் தொடர்கல்வி வேண்டும் என்று நாம் சொல்லும்போது முதற்கண் குறிப்பது புதிய மருந்தையோ புதிய கருவியையோ அன்று. தொழிலைப்பற்றிய அறிவையும், அவ்வறிவைக் காகிதத்தில் ஒழுங்காக எழுதும் பழக்கத்தையுமேயாம்.

காகிதத்தை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் எனில், இலங்கையில் நட்டஈட்டுக்கு ஆதாரமாக நிற்கும் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், விபத்தானது வேலையிலிருந்து எழுந்ததாகவும் வேலை நடக்கும்போதே நேர்ந்ததாகவும் இருத்தல் வேண்டும் என்று கேட்கிறது. ‘லொறியால் விழுந்தவர்’ என்று ஒரு துண்டில் எழுதுவதற்கும், ‘லொறியில் வெங்காய மூடை ஏற்றுகையில் பின்பலகை சரிந்து விழுந்தவர்’ என்று எழுதுவதற்கும் வைத்தியரின் நேரத்தில் அரை நிமிடமே வித்தியாசம். முந்தையது வீதியில் நேர்ந்த வெறும் விபத்து, பிந்தையது சட்டத்தின் கண்ணில் உரிமை. பல மாதங்களுக்குப் பின் நட்டஈட்டு ஆணையாளர்முன் வழக்கு வரும்போது, அன்றிரவு கண்விழித்திருந்த இளம் வைத்தியர் வேறெங்கோ மாற்றலாகிப் போயிருப்பார். அவருடைய ஒற்றை வரி மட்டும் அங்கே பேசிக்கொண்டிருக்கும். தம்புள்ளையில் அவ்வரி மூன்று பாஷைகளைக் கடந்து வருகிறது என்பதையும் கருதவேண்டும்: மாத்தளைத் தோட்டத்திலிருந்து வந்த தொழிலாளி தமிழில் சொல்வதை, உடன்வந்தவன் சிங்களத்தில் பெயர்க்க, வைத்தியர் ஆங்கிலத்தில் எழுதுகிறார். பின்பலகை சரிந்த கதை இரண்டாம் பாஷையிலேயே உதிர்ந்துபோதல் கூடும்.

சட்டத்தின் அட்டவணைகளும் வைத்தியர் கற்கவேண்டிய பாடமே. இலங்கைச் சட்டத்துக்கு நெருங்கிய உறவினதாகிய இந்தியாவின் 1923ஆம் ஆண்டுச் சட்டம், தொடக்கத்தில் பெருவிரலின் இழப்பைச் சம்பாத்தியச் சக்தியில் 25 வீதமாகவும், சுட்டுவிரலை 10 வீதமாகவும், ஏனைய விரலொன்றை 5 வீதமாகவும், முழங்கைக்கு மேல் வலக்கையை 70 வீதமாகவும் இடக்கையை 60 வீதமாகவும் மதித்தது. மனிதர் யாவரும் வலக்கையரே என்ற துணிபு அந்தப் பத்து வீதத்துள் ஒளிந்திருக்கிறது! அட்டவணையில் அடங்காத காயம் வரும்போது, எஞ்சிய சக்தி எவ்வளவு என்பதை வைத்தியரே மதிப்பிட்டாக வேண்டும். விறைத்துப்போன தோளை உடைய எழுதுவினைஞர் மறுவாரம் மேசைக்குத் திரும்பலாம். அதே தோளை உடைய நாட்டாமைக்கு உலகமே சுருங்கிவிடுகிறது. கோணமானியைக் கொண்டு மூட்டின் அசைவை அளக்கத் தெரிந்தவர் அனைவரும் இவ்வேறுபாட்டை அளக்கத் தெரிந்தவராகார்.

இங்கே இன்னொரு சிக்கல் உண்டு. அதை வைத்தியர் தீர்க்கமுடியாதெனினும் அறிந்திருத்தல் அவசியம். காலையில் ஒரு முதலாளியின் கடையிலும், நண்பகலில் வேறொருவர் லொறியிலும், இரவில் மூன்றாமவரிடமும் மூடைக்கு இவ்வளவெனக் கூலி பெறுபவனுக்கு எஜமான் யார்? அவ்வினாவுக்கு விடை தேடப் புகும் எவருக்கும், காயம்பட்ட நேரமும் இடமும் யாருடைய சரக்கு என்பதும் குறிக்கப்பட்ட வைத்தியத் துண்டே முதற் சாட்சியாகும்.

இனி சிகிச்சைக்கு வருவோம். முதுகுவலியுற்றவனுக்குப் பல நாட் படுக்கை ஓய்வு விதிப்பது எத்தனையோ தலைமுறையாக வந்த மரபு. 1986ஆம் ஆண்டு அமெரிக்க வைத்தியர் டேயோவும் அவர் கூட்டாளிகளும் 203 நோயாளரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு சாராருக்கு இரண்டு நாளும் மற்றவருக்கு ஏழு நாளும் ஓய்வு விதித்துப் பரிசோதித்ததில், இரண்டு நாள் விதிக்கப்பட்டோர் வேலைக்குப் போகாத நாட்கள் 45 வீதம் குறைந்திருக்கக் கண்டனர். குணத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. இம்முடிவு வெளிவந்து நாற்பது ஆண்டுகளாகின்றன. ஆயினும் ‘இரண்டு கிழமை அசையாமல் படு’ என்னும் வாக்கு இன்றும் காதில் விழுகிறது. நாட்கூலிக்காரனோ அந்த வாக்கை மதிக்க வசதியற்றவனாய், மூன்றாம் நாளே சும்மாட்டை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போய்விடுகிறான். அவன் எழுந்து நடமாடியது சரி, முழுமூடையைச் சுமந்தது தவறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள படிகளை, அதாவது எந்நாளில் தள்ளுவண்டி, எந்நாளில் பாதிச்சுமை என்பதை, அவனுக்கு வகுத்துச் சொல்பவரே உண்மையில் சிகிச்சை செய்தவராவார்.

பின்பலகைக்கும் மூடைக்கும் இடையில் நசுங்கும் விரல்நுனி மற்றொரு தினசரிக் காயம். சென்னை ஸ்டான்லி வைத்தியக் கல்லூரியில் கைச்சிகிச்சைக்கெனத் தனித்துறையை வளர்த்த ஆர். வேங்கடசாமி, சாய்வாக அறுபட்ட விரல்நுனியை அவ்விரலின் பக்கத்துத் தோலையே முக்கோணமாக நகர்த்தி மூடும் முறையைத் தம் சகாவான சுப்பிரமணியத்துடன் 1980ஆம் ஆண்டு விவரித்தார். விரலின் நீளமும் ஸ்பரிச உணர்வும் காக்கப்படுவதால், இன்றும் உலகெங்கும் கைச்சிகிச்சையாளர் அதை அவர் பெயராலேயே வழங்குகின்றனர். தம்புள்ளை ஆதார வைத்தியசாலையில் இரவுக் கடமையிலிருக்கும் வைத்தியர் இதனைச் செய்யக் கற்றாக வேண்டுமென்பதில்லை. அறுந்த துண்டை எறிந்துவிடாமல், ஈரமான துணியில் சுற்றி, நீர் புகாத பையிலிட்டு, அப்பையைப் பனிக்கட்டியின்மேல் வைத்து, பனிக்கட்டி சதையை நேரே தொடாதவாறு உரிய இடத்துக்கு அனுப்பவேண்டும் என்பதை அவரும் தாதியும் அறிந்தால் போதும். அதனினும் மேலாகச் சந்தையில் உள்ளவர்கள் அறிந்தால் போதும்.

காயம் என்பது இரத்தம் கசிவது மட்டுமன்று. 2008ஆம் ஆண்டு இலங்கையில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் எலிக்காய்ச்சல் என ஐயுறப்பட்டபோது, மிகுதியாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் மாத்தளையும் ஒன்று. சேற்றில் இறங்கும் விவசாயியைப் பொறுத்தவரை அதுவும் தொழில் தந்த நோயே. ‘வயலில் இறங்கினாயா?’ என்ற ஒரு கேள்வி அங்கே உயிர் காக்கும் கேள்வியாயிற்று.

இத்தகைய கல்வியை எவ்வாறு புகட்டுவது? இந்திய வைத்தியக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நெறிவிதிகள் ஐந்தாண்டுக்கு 30 மணித்தியாலத் தொடர்கல்வியைக் குறிப்பிட்டன. ஆலை வைத்தியர்க்கென மூன்று மாதத் தனிப்பயிற்சியும் அங்கே உண்டு, சென்னையிலும் அது நடைபெறுகிறது. ஜெர்மனியிலோ வேலை விபத்துக்குள்ளானோரைப் பார்ப்பதற்கென்றே விபத்துக் காப்புறுதி நிலையங்களால் அங்கீகரிக்கப்பட்ட வைத்தியர் இருக்கின்றனர்; தொடர்கல்வி அவர்களுடைய அங்கீகாரத்தின் நிபந்தனை. இலங்கையிலும் வைத்தியச் சங்கம் 1887 முதல் இயங்கிவருகிறது. கூட்டங்களுக்கும் சொற்பொழிவுகளுக்கும் குறைவில்லை. ஆனால் மணித்தியாலங்களை எண்ணுவதால் மட்டும் காரியம் கைகூடுவதில்லை. 1999ஆம் ஆண்டு டேவிஸ் முதலியோர் அதுவரை நிகழ்ந்த பரிசோதனைகளைத் திரட்டி ஆராய்ந்து, வெறும் சொற்பொழிவு வைத்தியரின் நடைமுறையை மாற்றுவதாகத் தெரியவில்லையென்றும், கற்போரும் பங்குகொண்டு செய்து பழகும் வகுப்புகளே மாற்றக்கூடுமென்றும் முடிவு கண்டனர். குளிரூட்டிய மண்டபத்தில் திரைப்படம் காட்டிப் பேசிக் கலைந்துபோகும் கூட்டங்களில் அமர்ந்திருந்த எவர்க்கும் இம்முடிவு ஆச்சரியம் தராது, எமக்கும் தரவில்லை.

பாஷையின் காரியத்தில் நமக்கு ஒரு முன்னோடி உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் கற்பித்து, 1867இல் ‘இரண வைத்தியம்’ என்னும் நூலைத் தமிழில் அச்சேற்றுவித்தார். காயத்தைக் குறித்து நோயாளியின் மொழியிலேயே வைத்தியர் சிந்திக்க வேண்டும் என்று அந்நிய நாட்டவரொருவர் கண்டதை, நாட்டவர் நாம் மறந்தோம்.

எதிர்வாதங்களையும் புறக்கணித்தல் ஆகாது. ஒரு காலைப்பொழுதில் நூறு பேரைப் பார்ப்பவருக்குத் தொழில் வரலாறு கேட்க நேரமேது என்பர். சரீரம் முழுவதையும் சோதிக்க நேரமில்லாதவருக்கே இவ்வொரு வினா பெரிதும் உதவும் என்பது எம் விடை. நட்டஈட்டாசையால் நோயாளர் பாசாங்கு செய்வர் என்பது மற்றொரு வாதம். சிலர் செய்யவும் செய்வர். எனினும் எஜமான் யாரென்றே தெரியாத சந்தையில், பாசாங்கினால் வரும் லாபத்தைவிட அன்றைய கூலி இழப்பே பெரிது. தொழிலை அறிந்த வைத்தியரே பாசாங்கையும் எளிதில் கண்டுபிடிப்பார். அறியாதவர் எல்லாரையும் சந்தேகிப்பார், அல்லது எல்லாரையும் நம்பிவிடுவார்.

ஆகவே மாத்தளை மாவட்டத்தில் இத்தகைய வகுப்பு ஒன்று ஏற்படுமாயின், முதல் அமர்வு மண்டபத்தில் வேண்டாம். லொறிகள் வந்திறங்கும் வேளையில் பொருளாதார மத்திய நிலையத்திலேயே நிகழட்டும். அங்கே ஆசான் ஒரு நாட்டாமையாகவும், மாணாக்கர் வைத்தியராகவும் இருக்கட்டும். இரண்டாம் அமர்வில் சட்ட வைத்திய அதிகாரியும் தொழில் திணைக்களத்தாரும் பழைய துண்டுகள் சிலவற்றைப் பெயர் நீக்கி வைத்து, எந்த வரி தொழிலாளிக்கு உதவிற்று, எது கெடுத்தது என்று காட்டட்டும். அதற்கான ஏற்பாடுகள் தாமதமாகலாம். வந்தவன் என்ன வேலை செய்கிறான், எவ்விதம் அடிபட்டான் என்ற ஒரு வரியை எழுதுவதற்கோ, இதை வாசிக்கும் வைத்தியர் எவரும் கொழும்பிலிருந்து சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்று மாலை வரும் முதல் நோயாளியின் துண்டிலேயே எழுதத் தொடங்குமாறு வேண்டுகிறோம்.