அரசு வழக்கறிஞர் பதவியில் கறுப்பினப் பெண்கள்

குற்ற வழக்கு என்றதும் நம் மனக்கண் முன் எழுவது நீதிபதியின் ஆசனமே. ஆனால் அமெரிக்க நாட்டில் குற்றம் சாட்டப்பட்டவனுடைய விதியைப் பெரும்பாலும் நிர்ணயிப்பவர், அந்த ஆசனத்துக்கு எதிரே நின்று வாதாடும் அரசு வழக்கறிஞர்தான். வழக்குத் தொடுப்பதா விடுப்பதா, எந்தக் குற்றத்தைச் சாட்டுவது, எவ்வளவு தண்டனை கோருவது என்பன அவருடைய சித்தத்தைப் பொறுத்தவை. அங்கே தண்டனை பெறுவோரில் நூற்றுக்கு 90 பேருக்கு மேல், முழு விசாரணைக்குப் போகாமலே அவர் தரப்போடு உடன்பட்டுக் குற்றத்தை ஒப்புக்கொள்பவர்கள். நம் நாட்டைப்போல் அரசாங்க நியமனத்தால் அன்றி, மிகப் பல மாநிலங்களில் மக்கள் வாக்கினாலேயே அவர் பதவிக்கு வருகிறார். மக்கள் என்ற அந்தச் சொல்லில் கறுப்பினத்தார் நெடுங்காலம் அடங்கவில்லை.

1872-இல் சார்லட் ரே என்னும் கறுப்பினப் பெண்மணி வாஷிங்டனில் வழக்கறிஞரானார்; துவேஷம் காரணமாகக் கட்சிக்காரர் கிடைக்காமல் சில ஆண்டுகளில் தொழிலை விட்டுப் பள்ளி ஆசிரியையானார். அவர் காலத்துக்கு அறுபது ஆண்டுகளுக்குப் பின்பு நியூயார்க்கில் தோன்றிய யூனிஸ் ஹண்டன் கார்ட்டரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். அடிமையாயிருந்தவரின் பேத்தி அவர். 1906-இல் அட்லாண்டாவில் நிகழ்ந்த இனக் கலவரத்துக்குப் பின் அவ்வூரை நீங்கிய குடும்பத்தில் வளர்ந்தவர். 1935-இல் தாமஸ் டூவி என்னும் விசேஷ அரசு வழக்கறிஞர் திரட்டிய இருபது உதவி வழக்கறிஞர்களில் ஒரே பெண்ணும் ஒரே கறுப்பினத்தவரும் அவரே. விபசார வழக்குகளில் சிக்கும் ஏழைப் பெண்களுக்கெல்லாம் அதே வக்கீல்களும் அதே ஜாமீன்தாரர்களும் வந்து நிற்பதைக் கண்ட அவர், அவர்களுக்குப் பின்னால் ஒரு பெருங்கூட்டம் இருப்பதை ஊகித்து, தயங்கிய டூவியை இணங்க வைத்தார். அந்த ஊகத்தைப் பின்பற்றிச் சென்றதன் பயனாகவே, 1936-இல் லக்கி லூசியானோ என்ற கொள்ளைக்கூட்டத் தலைவன் முப்பது முதல் ஐம்பது ஆண்டு வரை சிறைத்தண்டனை பெற்றான். அகப்பட்ட பெண்களைத் தண்டிப்பதோடு திருப்தியடையாமல், அவர்களை வைத்துப் பணம் பண்ணியவனைத் தேடிய அந்தப் பார்வையிலேயே பிற்காலச் சீர்திருத்தத்தின் வித்து இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

எனினும் வித்து முளைக்க வெகுகாலம் பிடித்தது. சென்னையில் பிறந்து அமெரிக்காவுக்குக் கல்வி கற்கச் சென்ற சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், 2003-இல் சான் பிரான்சிஸ்கோவின் மாவட்ட அரசு வழக்கறிஞராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது ஓர் அபூர்வமே. 2014-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, தேர்தலால் வந்த அரசு வழக்கறிஞர்களில் நூற்றுக்கு 95 பேர் வெள்ளையர். வெள்ளையரல்லாத பெண்கள் நூற்றுக்கு ஒருவரே.

2016-இல் சிகாகோவில் கிம் ஃபாக்ஸும், செயின்ட் லூயிஸில் கிம்பர்லி கார்டனரும், புளோரிடாவின் ஆர்லாண்டோவில் அராமிஸ் அயாலாவும் என மூன்று கறுப்பினப் பெண்கள் இப்பதவிக்கான தேர்தலில் வெற்றி பெற்றனர். அயாலா 2017 மார்ச் மாதத்தில், தம் அலுவலகம் இனி மரண தண்டனை கோராது என்று அறிவித்தார். ஆளுநர் உடனே கொலை வழக்குகளை அவரிடமிருந்து பறித்து வேறொருவரிடம் ஒப்படைத்தார். மாநில உச்ச நீதிமன்றமும் ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் ஆளுநர் பக்கமே நின்றது. அயாலாவின் அலுவலகத்துக்குத் தபாலில் ஒரு சுருக்குக் கயிறு வந்தது. கறுப்பினத்தாரை மரக்கிளைகளில் தொங்கவிட்ட காலத்தை அறிந்த எவருக்கும் அதற்கு வியாக்கியானம் வேண்டியதில்லை. அரசு வழக்கறிஞரின் அதே அதிகாரம் கடுமைக்குப் பயன்பட்ட காலத்தில் இத்தகைய ஆட்சேபம் எழுந்ததாக நான் அறியேன்.

கார்டனர் 2020 ஜனவரியில், கூ கிளக்ஸ் கிளான் என்னும் வெள்ளை இனவெறிக் கூட்டத்தின் அட்டூழியத்தை அடக்க 1871-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ், தம்மை இனத்துவேஷத்தால் பதவியிலிருந்து துரத்தச் சதி நடப்பதாக வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கு தள்ளுபடியாயிற்று, அவர் நிர்வாகத்தைப் பற்றிய குறைகளும் பெருகி, 2023-இல் அவர் விலக நேர்ந்தது. ஆயினும் அந்த ஜனவரியில், பிற நகரங்களின் கறுப்பினப் பெண் அரசு வழக்கறிஞர்கள் பலர் செயின்ட் லூயிஸுக்கே பிரயாணம் செய்து வந்து அவர் அருகில் நின்றது என்னை மிகவும் நெகிழச் செய்கிறது.

ஆர்லாண்டோவில் அயாலாவுக்குப் பின் 2020-இல் மோனிக் வொரல் என்னும் கறுப்பினப் பெண்மணியே தேர்ந்தெடுக்கப்பட்டார். 2023 ஆகஸ்டில், முன்னவருக்குப் பின்வந்த ஆளுநர், கடமை தவறினார் என்று கூறி அவரை இடைநீக்கம் செய்தார். அதையும் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2024 நவம்பரில் ஆர்லாண்டோ மக்கள் வாக்குச்சாவடிக்குச் சென்று, வொரலையே மீண்டும் அந்தப் பதவிக்கு அனுப்பினார்கள்.