அம்மாச்சி, இதுல என்ன இருக்கு?



இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

போன வாரம் எங்கள் தெருவில் குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டியவர்கள் இணையக் கேபிளையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள். கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கும் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். இரவு பத்து மணிக்குள் அவன் ஏதோ அசைன்மென்ட் அனுப்ப வேண்டுமாம். எனக்குக் கைகால் ஓடவில்லை. அவனோ செல்போனை எடுத்து ஹாட்ஸ்பாட்டைப் போட்டான், லேப்டாப்பை அதில் சேர்த்தான், அரை நிமிடத்தில் வேலையை ஆரம்பித்துவிட்டான். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "அம்மாச்சி, இதுல என்ன இருக்கு?" என்று சிரித்தான்.

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தப் பதிவு. இதில் என்ன இருக்கிறது என்றால், நாற்பத்தெட்டு வருடத்து வரலாறும், நான் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒரு தவறும் இருக்கின்றன.

முதலில் வரலாறு.

இணையம் கம்பியில் பிறந்தது, பிறகுதான் காற்றுக்கு வந்தது என்று நினைத்திருந்தேன். அது சரியல்ல. 1977 நவம்பர் 22 அன்று அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ அருகே நெடுஞ்சாலையில் ஒரு வேன் ஓடியது. அதற்குள் கணினிக் கருவிகளும் ரேடியோவும் இருந்தன. அதிலிருந்து கிளம்பிய செய்தி ரேடியோ வழியாகத் தரை வலையமைப்புக்கும், அங்கிருந்து செயற்கைக்கோள் வழியாக அட்லாண்டிக்கைத் தாண்டி ஐரோப்பாவுக்கும் போய், மறுபடி அமெரிக்காவுக்குத் திரும்பி வந்தது. மூன்று வேறுவேறு வலையமைப்புகளை ஒரே மொழியில் பேச வைத்த சோதனை அது. அந்த மொழியை வடிவமைத்தவர்கள் விண்ட் செர்ஃப், பாப் கான் இருவரும். ஆக, இணையம் பிறந்த காலத்திலேயே அதன் ஒரு கால் ஓடும் வண்டியில் இருந்தது.

ஆனால் அது ஆராய்ச்சிக்கூடத்து வேன். சாதாரண ஆளின் மடிக்குக் கணினி வந்து, அதற்குச் செல்போன் கோபுரம் வழியாக இணையம் கிடைக்க இன்னும் பல வருடம் ஆனது.

நம் நாட்டில் இரண்டும் ஒரே ஆண்டில் வந்தன. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசியதுதான் இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு. இரண்டே வாரத்தில், ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி பிறந்தாலும், பல வருடம் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. இணையம் லேண்ட்லைனில் கிர்ர்ர் என்று கத்திக்கொண்டு வந்தது. செல்போன் பேச மட்டும்தான்.

ஏன் என்று கேட்டால், அன்றைய செல்போன் வலையமைப்பு பேச்சுக்காகக் கட்டப்பட்டது. அதில் கணினித் தகவலை அனுப்பினால் வேகம் வினாடிக்கு 9,600 பிட்தான். இன்று நாம் யோசிக்காமல் அனுப்பும் 1 எம்பி புகைப்படம் ஒன்று போய்ச்சேர ஏறக்குறைய கால் மணி நேரம் ஆகும். அதுவும் நிமிடக் கணக்கில் காசு. திண்டுக்கல்லிலிருந்து சென்னைக்கு ஒரு காரை வாடகைக்கு எடுத்த மாதிரி. நீங்கள் பேசினாலும் தூங்கினாலும் மீட்டர் ஓடும், வண்டியில் வேறு யாரும் ஏறவும் முடியாது.

இதை மாற்றியது 2000 வாக்கில் உலகில் புழக்கத்துக்கு வந்த ஜி.பி.ஆர்.எஸ். என்ற முறை. அதைப் புரிந்துகொள்ளத் தபால் அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நீண்ட கடிதத்தைப் பத்து அட்டைகளில் எழுதி, ஒவ்வொன்றிலும் முகவரியும் வரிசை எண்ணும் போட்டுப் பெட்டியில் போடுகிறோம். அதே தபால் வண்டியில் ஊரார் அட்டைகளும் போகும். வாங்குகிறவர் எண்ணைப் பார்த்து அடுக்கிப் படித்துக்கொள்வார். வண்டி முழுவதையும் நாம் பிடித்துவைக்கவில்லை. அதனால் நேரத்துக்குக் காசு போய், அளவுக்குக் காசு என்று ஆனது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் அமெரிக்காவில் பால் பாரனும் இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸும் தனித்தனியே யோசித்த வழி அது. செல்போனுக்கு வந்துசேர நாற்பது வருடம் பிடித்தது.

எங்கள் வீட்டுக்கு அது 2007 இல் வந்தது. மகன் பொறியியல் படித்துக்கொண்டிருந்தான். தன் செல்போனை டேட்டா கேபிளால் ஒரு பழைய லேப்டாப்பில் செருகுவான். திரையில் டயல் செய்யும் பெட்டி வரும். அதில் எண்ணுக்குப் பதிலாக *99# என்று போடுவான். "யாருக்குடா போன் போடுறே?" என்று கேட்டேன். "இன்டர்நெட்டுக்குத்தான்மா" என்றான். அது உண்மைதான். 1981 இல் ஹேய்ஸ் என்ற நிறுவனம் தன் மோடத்துக்கு வைத்த கட்டளை மொழியில்தான் லேப்டாப் செல்போனுடன் பேசியது. உள்ளே தபால் அட்டை முறை வந்துவிட்டாலும், லேப்டாப் இன்னும் தொலைபேசியைச் சுழற்றுவதாகவே நினைத்துக்கொண்டிருந்தது. அப்போது 10 கேபிக்கு 10 பைசா. கணக்குப் போட்டால் 1 எம்பிக்கு 10 ரூபாய்க்கு மேல். ஒருமுறை தெரியாமல் ஒரு வீடியோவைத் திறந்துவிட்டு, ரீசார்ஜ் செய்த காசு முழுக்கப் போய்விட்டது என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

இன்னொரு கிளையும் இருந்தது. 2002 டிசம்பர் 28 அன்று ரிலையன்ஸ் தொடங்கிய சி.டி.எம்.ஏ. வகை. அதில் டயல் செய்ய வேண்டியது #777. பிறகு வந்த டாடா ஃபோட்டானும் எம்.டி.எஸ். எம்பிளேஸும் அதே குடும்பம். பென் டிரைவ் மாதிரி இருக்கும், லேப்டாப்பில் செருகினால் போதும். நாம் எல்லோரும் 'டாங்கிள்' என்றோம், சிலர் 'நெட் செட்டர்' என்றார்கள். அந்த டாங்கிளுக்குள் ஒரு தந்திரம் இருந்தது. செருகியதும் அது முதலில் தன்னை ஒரு சி.டி. என்று கணினியிடம் சொல்லும். அதிலிருந்து மென்பொருள் ஏறிக்கொள்ளும். ஏறி முடிந்ததும் வேஷத்தைக் கலைத்து மோடமாக மாறும்.

3ஜி நமக்கு முதலில் அரசு நிறுவனங்கள் வழியாக, 2008-09 இல் வந்தது. தனியாருக்கான ஏலம் 2010 இல் 34 நாள், 183 சுற்று நடந்து, அரசுக்கு ஏறக்குறைய 67,700 கோடி ரூபாய் கிடைத்தது. 4ஜி வந்த கதை இன்னும் வேடிக்கை. 2012 ஏப்ரல் 10 அன்று ஏர்டெல் கொல்கத்தாவில் அதைத் தொடங்கியபோது, முதலில் கொடுத்தது கணினியில் செருகும் டாங்கிளும் வீட்டில் வைக்கும் மோடமும்தான். செல்போனுக்கு அது பிறகே வந்தது.

இனி என் தவறு.

2011 இல் நானும் ஒரு டாங்கிள் வாங்கினேன். இரண்டாயிரத்துச் சொச்சம். பள்ளியில் வேறு யாரிடமும் இல்லை. பெருமை தாங்கவில்லை. அதில் ஒரு சின்ன விளக்கு உண்டு. நீலமாக எரிந்தால் 3ஜி, பச்சை என்றால் 2ஜி. எங்கள் ஊரில் அது ஒருநாளும் நீலமாக எரிந்ததில்லை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நீளமான யு.எஸ்.பி. வயரில் டாங்கிளைக் கட்டி, ஒரு மூங்கில் கழியில் தூக்கிவைத்தால் இரண்டு கோடு சிக்னல் வரும்.

2012 இல் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த ஒரு பெண், பட்டம் முடித்துவிட்டு, வங்கித் தேர்வுக்கு விண்ணப்பிக்க வந்தாள். அன்று கடைசி நாள். காலை பத்து மணி. "டீச்சர், டவுனுக்குப் போயி நெட் சென்டர்ல போட்டுடலாமா?" என்று கேட்டாள். நான்தான், "எதுக்கும்மா பஸ்ஸுக்குக் காசு? நம்மகிட்டதான் டாங்கிள் இருக்கே" என்று சொன்னேன்.

பக்கங்கள் வந்தன. பெயர், முகவரி, மதிப்பெண் எல்லாம் நிரப்பினோம். புகைப்படமும் கையெழுத்தும் ஏற்றும் இடத்தில் நின்றுவிட்டது. சின்னக் கோப்புதான், 50 கேபிகூட இல்லை. சக்கரம் சுற்றிச் சுற்றி, கடைசியில் பிழை என்று வரும். மறுபடி முதலிலிருந்து. வருகிறது, ஆனால் போகமாட்டேன் என்கிறதே என்று எனக்குப் புரியவில்லை.

இப்போது படித்துத் தெரிந்துகொண்டேன். கோபுரம் உயரத்தில் நின்று பலமாகப் பேசுகிறது. கையளவு டாங்கிளோ லேப்டாப்பிலிருந்து வரும் சொற்ப மின்சாரத்தில் அத்தனை தூரத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அதோடு 2ஜியில் ஒவ்வொரு அலைவரிசையையும் எட்டு நேரத்துண்டுகளாகப் பிரிப்பார்கள். அந்தக் காலத்துப் பல கருவிகளில் வருவதற்கு நான்கு துண்டு, போவதற்கு இரண்டுதான். படிக்கிற ஊருக்காகச் செய்த வழி அது, எழுதி அனுப்புகிற ஊருக்காக அல்ல.

மதியம் மின்சாரம் போனது. 2012 இன் மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கொஞ்ச நேரத்தில் இருந்த இரண்டு கோடும் போயின. லேப்டாப் பேட்டரி நான்கு மணிக்குத் தீர்ந்தது. ஓடிப்போய்ப் பஸ் பிடித்து டவுனுக்குப் போனோம். அங்கேயும் மின்சாரம் இல்லை, நெட் சென்டரில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. எட்டு மணிக்குக் கரண்ட் வந்தபோது வரிசையில் எங்களுக்கு முன்னால் இருபது பேர். எங்கள் முறை வருவதற்குள் கடைசிப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. திரும்பி வந்தோம்.

அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பஸ்ஸில் இறங்கும்போது, "பரவாயில்ல டீச்சர், அடுத்த வருஷம் போட்டுக்கலாம்" என்றாள். அடுத்த வருடம் எழுதினாள், கிடைக்கவில்லை. அதற்கடுத்த வருடம் கல்யாணம். அன்று போட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எழுதிப் பார்க்கும் வாய்ப்பு என் பெருமையால் போனது. காலையிலேயே அவள் கேட்டாளே, அந்தப் பேச்சைக் கேட்டிருந்தால் பதினோரு மணிக்கு முடிந்திருக்கும். டாங்கிளையும் டவரையும் பல வருடம் திட்டிக்கொண்டிருந்தேன். தவறு என்னுடையது.

மீதி வரலாறு உங்களுக்கே தெரியும். 2010 மே மாதம் வந்த ஆண்ட்ராய்டு 2.2 இல் செல்போனையே ஹாட்ஸ்பாட்டாக்கும் வசதி வந்தது. டாங்கிளுக்கு அன்றே நாள் குறித்தாகிவிட்டது, நமக்குத் தெரியத்தான் நாளானது. 2016 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று, ஜியோ இலவசமாகத் தொடங்கியது. விலை எங்கும் இறங்கியது. 10 கேபிக்கு 10 பைசா எண்ணிய வீட்டில் ஒரு நாளைக்கு 1 ஜிபியைச் செலவழிக்கத் தெரியாமல் விழித்தோம்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2011 செப்டம்பர் 15 முதல் நம் மாநிலத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லா மடிக்கணினி வந்தது. எத்தனை வீடுகளில் அதுதான் முதல் கணினி! ஆனால் இணையம் கூட வரவில்லை. கொரோனாவுக்குப் பிறகு, 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, 9 லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜிபி டேட்டா கார்டு தரப்பட்டது. கருவிக்கும் இணைப்புக்கும் நடுவே பத்து வருடம். பள்ளிப் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. நான் ஓய்வுபெற்ற பிறகு வந்த அந்தப் பொதுமுடக்கத்தில், மலையடிவாரத்தில் சிக்னலுக்காகப் பாறைமேல் ஏறி உட்கார்ந்த பிள்ளைகளை என் கண்ணாலேயே பார்த்தேன். எனக்கு என் மொட்டை மாடிதான் ஞாபகம் வந்தது.

அந்தப் பெண் இப்போது என்ன செய்கிறாள் தெரியுமா? டவுனில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இ-சேவை மையம் வைத்திருக்கிறாள். போன மாதம் என் ஓய்வூதிய வேலையாக அங்கே போனேன். மேசையில் கேபிள் இணைப்பு. அது போனால் ஒரு நிறுவனத்து சிம், அதுவும் போனால் இன்னொரு நிறுவனத்து சிம், கூடவே இன்வெர்ட்டர். "எதுக்கும்மா இத்தனை?" என்று கேட்டேன். என்னைப் பார்த்துச் சிரித்தாள். "உங்களுக்குத் தெரியாதா டீச்சர்?" என்றாள். சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தாள்: 'கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம்.'

அன்றுதான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், பதின்மூன்று வருடம் கழித்து. எழுதட்டுமா என்றும் கேட்டேன். "எழுதுங்க டீச்சர், என் பேர் மட்டும் வேண்டாம்" என்றாள்.

பேரனுக்கு என் பதில் இதுதான். கண்ணு, அந்த அரை நிமிடத்தில் ஒரு வேன் இருக்கிறது, தபால் அட்டை இருக்கிறது, ஒரு மூங்கில் கழி இருக்கிறது. தெருவில் யாருக்காவது நெட் இல்லையென்றால் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுக் கொடு. கணக்குப் பார்க்காதே.

உங்களில் யாரெல்லாம் டாங்கிள் வைத்திருந்தீர்கள்? எங்கே ஏறி நின்று சிக்னல் பிடித்தீர்கள்? கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படிப்பேன். எழுத்துப்பிழை இருந்தால் திருத்தவும் செய்வேன், அது பழக்கதோஷம்.

எல்லோரும் நல்லா இருக்கணும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்