முழங்கால் மூட்டு மாற்றுக்கு முந்தைய தசை வலுப் பயிற்சி: ஒரு வரலாற்று நோக்கு

தேய்ந்த முழங்கால் மூட்டை அகற்றிச் செயற்கை மூட்டைப் பொருத்தும் அறுவை சிகிச்சைக்கு முன்பே தொடைத் தசைகளை எடைப் பயிற்சியால் வலுப்படுத்தும் முறை, படைவீரர் மருத்துவத்திலும் எலும்பு அறுவையியலிலும் தனித்தனியே வளர்ந்த இருவகை அறிவு காலப்போக்கில் ஒன்றுகூடியதன் விளைவாகும்.

இவற்றுள் படைவீரர் மருத்துவம் தந்த அறிவு இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உருவானது. சிகாகோவிலிருந்த கார்டினர் பொது மருத்துவமனையில் காயமுற்ற அமெரிக்கப் படைவீரர்களுக்குச் சிகிச்சையளித்த தாமஸ் டிலோர்ம், குறைந்த எடையைப் பலமுறை தூக்கச் செய்யும் அன்றைய வழக்கத்தைக் கைவிட்டு, மிகுந்த எடையைச் சிலமுறை தூக்கச் செய்து, தசை வலுக்கூடும்தோறும் எடையையும் கூட்டும் முறையை வகுத்து 1945இல் வெளியிட்டார். பின்னர் ஆர்தர் வாட்கின்ஸுடன் இணைந்து, ஒருவர் பத்து முறை மட்டுமே தூக்க இயலும் எடையின் பாதி, முக்கால், முழு அளவு என மூன்று சுற்றுகளாக அதனை அவர் சீரமைத்தார்.

செயற்கை மூட்டின் வரலாறு இதனினும் பழமையானது. பெர்லினில் தெமிஸ்டோக்லஸ் குளுக் 1890இல் தந்தத்தாலான மூட்டைப் பொருத்திய முயற்சி நோய்த்தொற்றால் தோற்றது எனினும், 1970களில் நியூயார்க்கில் ஜான் இன்சால் குழுவினர் வடிவமைத்த முழு மூட்டு இச்சிகிச்சையை நிலைபெறச் செய்தது. மூட்டு சீரான பின்னும் தொடையின் முன்புறத்திலுள்ள நான்கு பகுதித் தசையாகிய குவாட்ரிசெப்ஸ் வலுவிழந்தே இருந்தது. மூட்டினுள் நீர் கோத்து அழுத்தம் கூடும்போது நரம்பு வழியே அத்தசையின் இயக்கம் அனிச்சையாகத் தடைப்படுவதை 1965இலேயே ஓர் ஆய்வு காட்டியிருந்தது. அறுவைக்கு முன்னுள்ள தசை வலுவே ஓராண்டுக்குப் பிந்தைய இயக்கத் திறனை முன்னறிவிக்கிறது என்று ரயன் மிஸ்னர் குழுவினர் 2005இல் நிறுவியதால், பயிற்சியை எப்போது தொடங்குவது என்னும் வினா முதன்மை பெற்றது.

எனினும், அதற்கு முன்பே 1996இல் டிலிமா குழுவினர் நடத்திய சோதனையில் முன்பயிற்சியால் குறிப்பிடத்தக்க கூடுதல் பயன் காணப்படவில்லை. படிப்படியாக எடை கூட்டும் நெறியைப் பின்பற்றிய பிந்தைய ஆய்வில் முடிவு வேறாக அமைந்தது. டென்மார்க்கில் ஸ்கோஃபர் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், அறுவைக்கு முன் நான்கு வாரமும் பின் நான்கு வாரமும் பயிற்சி பெற்றவர்கள், பின்பயிற்சி மட்டும் பெற்றவர்களைக் காட்டிலும் ஆறாம் வாரத்தில் நாற்காலியிலிருந்து எழுந்து அமரும் சோதனையில் மேம்பட்டிருந்தனர். ஆனால், நோயாளிகளே மதிப்பிட்ட வலியிலும் அன்றாடச் செயல்பாட்டிலும் வேறுபாடில்லை.

அதன்பின், அறுவையே தேவையா என வினாவே மாறியது. அறுவைக்குத் தகுதியானவர் எனக் கருதப்பட்ட 140 பேர் டென்மார்க்கில் பன்னிரண்டு வாரம் வீட்டிலேயே முழங்காலை நீட்டும் ஒரே பயிற்சியைச் செய்தனர். வாரத்துக்கு இரண்டு, நான்கு, ஆறு முறை எனப் பிரிக்கப்பட்ட குழுக்களுக்கிடையே தசை வலுவில் வேறுபாடு தோன்றவில்லை. எனினும், 2022இல் வெளியான அவ்வாய்வின்படி, பயிற்சி முடிந்தபின் ஏறத்தாழ மூவரில் ஒருவரே உடனடி அறுவையை விரும்பினார்.

ஆகவே, முன்பயிற்சியின் உறுதியான பயன் அறுவைக்குப் பிந்தைய தொடக்க மாதங்களின் தசை வலுவிலும் இயக்கத்திலும் காணப்படுகிறது. அறுவைக்கான ஆயத்தமாகத் தொடங்கிய அது, அறுவை தேவையா என்பதைத் தீர்மானிக்க உதவும் சிகிச்சையாகவும் இன்று மதிக்கத்தக்கது.