வீழ்ந்தும் எழுந்த வினைத்திறன்

சாத்தம் தீவின் மர அறுவை ஆலைக்குள் நுழைவோர் கண்களை ஈர்ப்பன இரண்டு. ஒன்று, அறுபட்டுக் கிடக்கும் படாக் மரத்தின் செந்நிறம். மற்றொன்று, இரண்டாம் உலகப் போரின்போது, 1942ஆம் ஆண்டில், சப்பானியர் வீசிய குண்டு தோண்டிய பள்ளம். 1883ஆம் ஆண்டில் நிறுவப்பெற்று, ஆசியாவின் மிகப் பழமையான மர அறுவை ஆலைகளுள் ஒன்றாக விளங்கிய இவ்வாலை, போரில் சிதைந்தது. போருக்குப் பின் மீண்டும் எழுந்தது. பள்ளத்தைத் தூர்த்து மறைத்துவிடாமல், வருவோர் காணும் வண்ணம் காத்து வைத்த பெரியோரின் நெஞ்சத்தைப் பாராட்டத்தான் வேண்டும். வீழ்ச்சியை மறைப்பவன் அதிலிருந்து எதனையும் கற்பதில்லை.

இத்தீவின் வரலாறே வீழ்தலும் எழுதலும் மாறிமாறி வந்த வரலாறுதான். 1789ஆம் ஆண்டில் ஆர்ச்சிபால்டு பிளேர் இங்கே முதற் குடியேற்றத்தை அமைத்தார். 1792இல் அது வடக்கே பெயர்க்கப்பட்டது. 1796இல் நோய்க்கு இரையாகி அடியோடு கைவிடப்பட்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் காடு மண்டிக் கிடந்த பின், 1858ஆம் ஆண்டில் கைதிகளைக் கொண்டு மீண்டும் காடு திருத்தத் தொடங்கியதும் இச்சாத்தம் தீவில்தான். அக்குடியேற்றம் விடுதலை வேட்கை கொண்டோரின் கண்ணீரில் நனைந்தது என்பதை நாம் மறத்தலாகாது. ஆயினும், ஒருமுறை தோற்ற இடத்திலேயே மீண்டும் வாழ்வு துளிர்க்கும் என்பதற்கு இம்மண்ணே சான்றாக நிற்கின்றது.

இத்தகைய மண்ணில் வாழும் நாம், பன்முறை வீழ்ந்தும் சோராத ஓர் அறிவியல் அறிஞரின் வாழ்வை எண்ணிப் பார்ப்பது பொருத்தமுடையது. கொங்கு நாடு ஈன்ற கோ. துரைசாமி நாயுடு, அதாவது ஜி. டி. நாயுடு என்று நாடு அறிந்த பெருமகனாரே அவர்.

கலங்கல் தந்த கைவல்லவர்

கோவைக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச் திங்கள் 23ஆம் நாள் உழவர் குடியிற் பிறந்தார் நாயுடு. பள்ளிப் படிப்பு அவருக்குக் கசந்தது. தொடக்க வகுப்புகளோடு நின்றுபோயிற்று. ஏட்டுக் கல்வியில் தோற்ற பிள்ளை என்றே ஊரார் அன்று அவரை எண்ணியிருப்பர்.

இருபது வயதை ஒட்டிய நாளில், ஆங்கில அலுவலர் ஒருவர் ஊர்ந்து வந்த ‘ரட்ஜ்’ மோட்டார் சைக்கிள் அவர் கண்ணிற் பட்டது. மாடும் குதிரையும் இழுக்காமல் தானே ஓடும் அவ்வண்டி அவர் உறக்கத்தைப் பறித்துக்கொண்டது. அதனை வாங்க வேண்டுமே; கையிலோ பணமில்லை. கோவைக்குச் சென்று உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். எச்சில் இலைகளுக்கு நடுவே நின்று காசு காசாகச் சேர்த்தார். ஏறத்தாழ 300 ரூபாய் சேர்ந்ததும் அந்த வண்டியை விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் செய்த முதல் வேலை யாது? பிறராயின் ஏறி உலா வந்திருப்பர். நாயுடுவோ அதனை உறுப்பு உறுப்பாகக் கழற்றினார்; மீண்டும் பூட்டினார். அவர் பயின்ற பொறியியற் கல்லூரி அதுவே.

பம்பாயில் இழந்ததும் பழனியில் பெற்றதும்

பின்னர்ப் பஞ்சுத் தொழிலில் இறங்கினார். திருப்பூரில் பொருள் குவிந்தது. குவிந்த பொருளோடு பம்பாய் சென்று பெரும் பஞ்சு வாணிகத்தில் ஈடுபட்டார். அங்கே கைம்முதல் அனைத்தும் கரைந்தது. செல்வராகச் சென்றவர் வெறுங்கையராய்க் கோவைக்குத் திரும்பினார்.

நாயுடுவின் வாழ்க்கையில் நாம் ஊன்றிக் கற்க வேண்டிய இடம் இதுவென்பேன். முதலாளியாக இருந்தவன் மீண்டும் கூலியாளாக மாறுவதற்கு நாணுவான். அந்நாணமே பலரை வீழ்ந்த இடத்திலேயே கிடத்திவிடுகின்றது. நாயுடு நாணவில்லை. கோவைத் தொழிலதிபர் இராபர்ட் ஸ்டேன்ஸ் அவர்களின் உதவியை நாடினார். அவ்வுதவியால் கிடைத்த ஒரே பேருந்தை 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒற்றை வண்டியே ‘யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ்’ என்னும் பெரும் போக்குவரத்து நிறுவனமாகத் தழைத்தது. மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டிய கைகளுக்குப் பேருந்தின் பழுது ஒரு பொருட்டாக இல்லை. பம்பாயில் பணம்தான் போயிற்று. கைத்தொழில் அறிவு போகவில்லை. கொள்ளையடிக்க முடியாத முதல் அதுவன்றோ!

ஆக்கங்களும் தடைகளும்

போக்குவரத்தில் ஈட்டிய பொருளை அவர் ஆராய்ச்சியில் இட்டார். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பலமுறை சென்றார். சிறு மோட்டாரால் இயங்கும் மின் சவரக் கருவி, மிக மெல்லிய சவர அலகு, மண்ணெண்ணெயால் இயங்கும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, ஏமாற்ற இயலாத வாக்குப்பதிவுப் பொறி என அவர் சிந்தையில் முகிழ்த்தவை பலப்பல. ‘ரேசண்ட்’ எனப் பெயர் பெற்ற அவரது மின் சவரக் கருவி செருமானிய நாட்டில் உருவாக்கப்பட்டு விற்பனைக்கு வந்தது. 1937ஆம் ஆண்டில் பாலசுந்தரம் நாயுடு அவர்களோடு இணைந்து பீளமேட்டில் இந்திய நாட்டின் முதல் மின் மோட்டாரை உருவாக்கினார். கோவை மோட்டார்த் தொழிலுக்குத் தலைநகரானதன் வித்து அங்கே ஊன்றப்பட்டது.

ஆனால், வழி நெடுகிலும் தடைகள் நின்றன. சட்டமன்றத் தேர்தலில் நின்று தோற்றார். ஐந்து வால்வு வானொலியை 70 ரூபாய்க்குத் தர இயலும் என்று 1941இல் அறிவித்தார். அந்த வானொலி ஏழையின் வீட்டிற்கு வந்து சேரவில்லை. 1952ஆம் ஆண்டில் இருவர் அமரும் சிற்றுந்து ஒன்றை 2,000 ரூபாய் விலையில் தருமளவுக்கு உருவாக்கினார். அரசின் உரிமம் கிடைக்காமையால் அத்தொழிலும் நின்றது.

1945ஆம் ஆண்டில் அவரது முயற்சியாலும் கொடையாலும் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பொறியியற் கல்லூரி தோன்றியது. தொடக்கப் பள்ளியையே தாண்டாதவர் அக்கல்லூரிக்கு முதல்வரானார்! நான்கு ஆண்டுப் படிப்பு வீண். இரண்டு ஆண்டுகளே போதும் என்று வாதிட்டார். அரசு இசையவில்லை, அவர் பதவியை விட்டு விலகினார். அவர் விலகினாலும் கல்லூரி நின்றது. அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக வளர்ந்து இன்றும் பொறியாளர்களை உருவாக்கி வருகின்றது.

கடல் தந்த ஒப்புமை

நாயுடு பிறப்பதற்குச் சரியாக இருநூறு ஆண்டுகளுக்கு முன், 1693ஆம் ஆண்டு மார்ச் திங்களில், இங்கிலாந்தில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தவர் சான் ஹாரிசன். தீவினராகிய நாம் அவருக்குத் தனிக்கடன் பட்டவர்கள். நடுக்கடலில் கப்பல் கிழக்கு மேற்காக எங்கே நிற்கின்றது என்பதை அறிய வழியின்றி மாலுமிகள் மாண்டுகொண்டிருந்த காலம் அது. வழி காண்போர்க்கு 20,000 பவுன் வரை பரிசு என 1714இல் ஆங்கிலப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது.

இதன் நுட்பத்தை நாம் அன்றாடம் உணர்கிறோம். கோவையைவிட ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னதாகவே இங்கே பொழுது விடிந்துவிடுகின்றது. இரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவு சற்றொப்பப் பதினாறு பாகை தீர்க்கரேகை. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். ஆகவே, புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தைப் பிழையின்றிக் காட்டும் கடிகாரம் ஒன்று கப்பலில் இருந்தால், உள்ளூர்ச் சூரிய நேரத்தோடு ஒப்பிட்டு இடத்தைக் கணித்துவிடலாம். அலையிலும் வெப்பத்திலும் பிழைக்காத அத்தகைய கடிகாரத்தைத்தான் ஹாரிசன் தேடினார்.

இளமையில் மரத்தாலேயே கடிகாரம் செய்தவர் அவர். இயல்பாகவே எண்ணெய்ப் பசை கொண்ட மரத்தைத் தேர்ந்து உறுப்புகளைச் செய்தமையால் அவருடைய கடிகாரங்களுக்கு எண்ணெய் இட வேண்டியதில்லை. மரத்தின் குணம் அறிந்த சாத்தத்துத் தொழிலாளர் இதனை நன்கு சுவைப்பர். முதற் கடற்கடிகாரம் 1735இல் முடிந்தது, அவருக்கே நிறைவில்லை. இரண்டாவதையும் ஒதுக்கினார். மூன்றாவது ஏறத்தாழ 19 ஆண்டுகளை விழுங்கிற்று. பெரிய கடிகாரத்தை விடுத்து, 1759இல் கையடக்கமான நான்காவதைச் செய்தார். 1761இல் தொடங்கிய சமைக்காப் பயணத்தில் அது 81 நாளில் ஏறத்தாழ 5 விநாடியே பின்தங்கியது. அப்பொழுதும் பரிசுக் குழுவினர் முழுப் பரிசை அளிக்க மறுத்தனர். மன்னரே தலையிட்ட பின், 1773இல், தம் 80ஆம் வயதில்தான், பாராளுமன்றத்தின் வழியே எஞ்சிய தொகையின் பெரும்பகுதி அவர் கைக்கு வந்தது.

இருவர் வாழ்வும் கற்பிப்பன

வள்ளுவப் பெருந்தகை ‘ஆள்வினை உடைமை’ என்னும் அதிகாரத்தை அடுத்து ‘இடுக்கண் அழியாமை’யை வைத்தார். முயற்சி உடையானைத் துன்பம் அணுகாது என்று அவர் நமக்கு ஆசை காட்டவில்லை. முயல்பவனுக்கே இடுக்கண் வரும். அதற்கும் அணியமாய் இரு என்பதே அவ்வைப்பு முறையின் குறிப்பு எனக் கொள்ளலாம்.

முயன்றால் எல்லாம் கைகூடும் என்று மேடைகளில் முழங்குவது எளிது. நாயுடுவின் வாழ்க்கை அவ்வாறு கூறவில்லை. ஹாரிசனின் கடிகாரம் உலகக் கப்பல்களுக்கெல்லாம் வழிகாட்டியாயிற்று. நாயுடுவின் கண்டுபிடிப்புகளிற் பல கோவை அவிநாசி சாலை அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னே நிற்கின்றன. தடைக்கு அரசின் கட்டுப்பாடுகள் பெருங்காரணம். ஆனால் அவரது பொறாமைக் குணமும், அதாவது எதனையும் பொறுத்துக் காத்திராத இயல்பும், ஒரு காரணமே. 1950களில் வரிக்கொடுமையையும் கட்டுப்பாடுகளையும் எதிர்த்து, அரிய பொருள்களை மக்கள் முன் உடைத்தே காட்டினார். அச்சினத்தில் நியாயம் இருந்தது. உடைந்த பொருளால் யாருக்கும் பயன் விளைந்ததா என்றும் நாம் கேட்கத்தான் வேண்டும். பெரியோரைப் போற்றுதல் வேறு. அவர் இடறிய இடத்தையும் நற்பண்பாகக் கொள்ளுதல் வேறு.

ஆயினும் அவரது உழைப்பு வீண்போகவில்லை. பொருளாக நிலைக்காதது ஆளாக நிலைத்தது. அவரோடு மோட்டார் செய்தவர் ‘டெக்ஸ்டூல்’ என்னும் தொழிலகம் கண்டார். அவர் தொடங்கிய கல்லூரியில் பயின்றோர் பல்லாயிரவர். 1974ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் அவர் மறைந்தார். 2025ஆம் ஆண்டு அக்டோபரில் கோவை அவிநாசி சாலையில் திறக்கப்பெற்ற, 10 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நெடிய மேம்பாலம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. பேருந்து ஓட்டியவர்க்குப் பாதையே நினைவுச் சின்னமாயிற்று.

தேர்வில் தவறி, ‘இனித் தீவில் எனக்கென்ன இருக்கிறது’ என்று சாத்தம் பாலத்தின் கைப்பிடியைப் பற்றி நிற்கும் இளைஞன் ஒருவனேனும் ஆண்டுதோறும் நம்மிடையே இருக்கின்றான். அவனிடம் அறிவுரை கூறுவதற்கு முன் நாம் செய்யத் தக்கது ஒன்றுண்டு. ஸ்டேன்ஸ் ஒரு பேருந்தை நம்பி ஒப்படைத்ததுபோல, அவன் கையில் ஒரு கருவியையோ ஒரு பொறுப்பையோ நம்பி ஒப்படைத்தல் வேண்டும். விழுந்தவன் எழுவதற்குத் தன் ஊக்கம் பாதி. பிறர் நீட்டும் கை பாதி. நாயுடுவின் ஊக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் நாம், ஸ்டேன்சின் கையையும் நமக்கு நாமே நினைவூட்டிக் கொள்வோமாக!

அடுத்தமுறை ஆலைக்குச் செல்வோர், தம் மக்களை அந்தக் குண்டுப் பள்ளத்தின் கரையில் சற்றே நிறுத்திக் காட்டுக. பின்னர், அதனைச் சூழ மீண்டும் எழுந்த கூடங்களையும் அவர்கட்குக் காட்டுக.