சேர்வராயன் மலைக் கனிகளும் சிராவகர் உணவு நெறியும்

சேலம் நகருக்கு வடகிழக்கே உயர்ந்து நிற்கும் சேர்வராயன் மலையில், ஏற்காட்டை அடுத்துள்ள சிற்றூர்களுள் ஒன்று மஞ்சக்குட்டை. காபித் தோட்டங்களும், அவற்றுக்கு நிழல் தரும் மரங்களும், அம்மரங்களில் படர்ந்த மிளகுக் கொடிகளும் இம்மலைப் பகுதிக்கு அழகு சேர்க்கின்றன. பலா, ஆரஞ்சு, பேரி, கொய்யா முதலிய கனிகள் இங்கே விளைகின்றன. கோடை விழாவின்போது மலர், பழக் காட்சியைக் காண இம்மலை ஏறும் சமணக் குடும்பங்கள் பல.

கிழங்கு ஆகாது, வெங்காயம் ஆகாது, பூண்டு ஆகாது என்றால் உண்பதற்கு எஞ்சுவது எது என்று நகரங்களில் வளரும் இளையோர் கேட்பதுண்டு. உடலுக்கு வேண்டிய சத்து குறைந்துவிடுமோ என்ற ஐயம் பெற்றோர்க்கும் எழுகிறது. இவ்வினாவுக்கு அற நூல்கள் தரும் விடை ஒன்று. இம்மலையின் வரலாறு தரும் விடை மற்றொன்று. இரண்டும் ஒத்திருப்பது எண்ணத்தக்கது.

மலைக்கு வந்த கனிகள்

சேர்வராயன் மலைக்கு வடக்கே உள்ள தருமபுரியே பண்டைய தகடூர். அங்கே இருந்த சமணப் பள்ளிக்கு, நுளம்ப மன்னன் மகேந்திரன் காலத்தில், கி.பி. 893இல் ஊர் ஒன்று தானமாக அளிக்கப்பட்டதைக் கல்வெட்டு தெரிவிக்கிறது. இம்மலையைச் சூழ்ந்த நாட்டில் அருகன் நெறி வேரூன்றியிருந்தமைக்கு அது சான்று.

மலையின் மேல் வாழ்ந்தோர் மலையாளிப் பழங்குடியினர். அண்ணன் தம்பியர் மூவர் காஞ்சியிலிருந்து புறப்பட்டு வந்தனர் என்பதும், அவர்களுள் மூத்தவரின் வழியினர் சேர்வராயன் மலையில் தங்கினர் என்பதும் அவர்களிடையே வழங்கும் மரபுக் கதை. சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை அவர்கள் பயிரிட்ட தானியங்கள். நெல்லி, நாவல், பலா போன்ற மரங்கள் இந்நாட்டு மண்ணுக்குப் பழமையானவை.

1820ஆம் ஆண்டை ஒட்டிச் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்னும் ஆங்கில அதிகாரி, காபியையும் பேரி, ஆப்பிள் முதலிய பழ மரங்களையும் இம்மலைக்குக் கொண்டுவந்தார் என்பர். கொய்யா, பப்பாளி, அன்னாசி, தக்காளி, மிளகாய், பீன்ஸ், சௌசௌ ஆகியவற்றின் தாயகமோ அமெரிக்கக் கண்டம். ஐரோப்பியர் அக்கண்டத்தை அடைந்த பின்னரே அவை பாரத நாட்டுக்கு வந்தன. உருளைக்கிழங்கும் அவ்வாறு வந்ததே. இன்றைய சமையலறையில் அன்றாடம் புழங்கும் காய்கனிகளுள் பாதியை முன்னோர் கண்டதே இல்லை எனலாம்.

நூல் வகுத்த நெறி

முன்னோர் காணாத பயிர்களை ஏற்பதா, விலக்குவதா என்பதை எவ்வாறு முடிவு செய்வது? சமந்தபத்திராசாரியார் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் அதற்கு அளவுகோல் ஒன்றைத் தந்துள்ளது. அந்நூலை ஒட்டித் தமிழில் எழுந்ததே அருங்கலச்செப்பு. கிடைக்கும் பயன் சிறிது, அதன்பொருட்டு அழியும் உயிர்கள் பல என்னும் நிலையில் உள்ள பொருளைச் சிராவகர் விலக்க வேண்டும் என்பது ஆசாரியர் காட்டும் நெறி. முள்ளங்கி, பச்சை இஞ்சி, வெண்ணெய், வேப்பம்பூ, தாழம்பூ ஆகியவற்றை அவர் எடுத்துக்காட்டுகிறார். இஞ்சியைப் பச்சையாக விலக்கியோர் சுக்காக ஏற்றனர்.

ஆல், அரசு, அத்தி, இத்தி முதலிய ஐவகை உதும்பரக் கனிகள் விலக்கப்பட்டதற்கும் காரணம் உண்டு. அவற்றின் உள்ளே கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிர்கள் வாழ்கின்றன. அத்தி இனக் கனிகளின் உள்ளே சிறு குளவிகள் புகுந்து முட்டையிட்டு வளர்வதை இன்றைய உயிரியலும் விளக்குகிறது.

உருளைக்கிழங்கின் பெயரை ஆசாரியர் குறிப்பிடவில்லை, குறிப்பிட்டிருக்கவும் இயலாது. எனினும் மண்ணுக்குள் விளையும் கிழங்கு அனந்தகாயம், எண்ணற்ற உயிர்களுக்கு ஓருடல், என்ற கோட்பாட்டைக் கொண்டு பிற்காலத்துச் சிராவகர் அதனை விலக்கினர். அதே கோட்பாட்டைக் கொண்டு கொய்யாவையும் பப்பாளியையும் சௌசௌவையும் ஏற்றனர். புதியது என்பதற்காக எதையும் தள்ளவில்லை. சுவையானது என்பதற்காக எதையும் கொள்ளவுமில்லை.

உடலுக்குப் போதுமா?

பழத்துக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பைச் சோதனையால் காட்டியோருள் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர் முதன்மையானவர். 1747இல், ஈறுகள் வீங்கிக் குருதி வடியும் ஸ்கர்வி நோயால் வாடிய மாலுமியர் 12 பேரை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைவில் தேறினர். அப்பழங்களில் உள்ள வைட்டமின் சி கொய்யாவில் மேலும் மிகுதி, நெல்லிக்கனியில் பன்மடங்கு.

பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராமேனும் காய்கனி உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உருளை, சர்க்கரைவள்ளி, மரவள்ளி ஆகிய மாவுச்சத்துக் கிழங்குகள் இக்கணக்கில் சேர்வதில்லை. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட நெறிமுறை, கீரை உட்பட காய்கறி 400 கிராமும் பழம் 100 கிராமும் வேண்டும் என்கிறது.

கேரட்டை விலக்குவோர்க்கு அதன் சத்தைப் பப்பாளி, மாம்பழம், மஞ்சள் பூசணி, முருங்கைக்கீரை ஆகியவை தரும். புடல், பீர்க்கு, அவரை, வெண்டை, சுரை, வாழைத்தண்டு, வாழைப்பூ என மண்ணுக்கு மேலே விளைவனவற்றை எண்ணினால் பட்டியல் நீளும்.

ஆனால் ஒன்றை மறைத்தல் கூடாது. கிழங்கை விலக்கிவிட்டு, சோற்றையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் இனிப்பையும் மட்டும் நிறைத்த இலை, விரதத்துக்குக் குறையற்றதாக இருக்கலாம். உடலுக்கு நலம் தராது. விலக்கியதைக் கணக்கிடும் இல்லங்கள், ஏற்றுக்கொண்ட காய்கனியின் அளவையும் கணக்கிட வேண்டும்.

மரமும் வழிப்போக்கர் அறுவரும்

ஆறு லேசியைகளை விளக்க ஆசாரியர்கள் கூறும் உவமை பலரும் அறிந்தது. பசித்த வழிப்போக்கர் அறுவர் கனி நிறைந்த மரம் ஒன்றைக் கண்டனர். வேரோடு சாய்க்க எண்ணினான் ஒருவன். அடிமரத்தை வெட்ட எண்ணினான் அடுத்தவன். பெருங்கிளையை வெட்டலாம் என்றான் மூன்றாமவன். சிறுகிளை போதும் என்றான் நான்காமவன். கனிகளை மட்டும் பறிக்கலாம் என்றான் ஐந்தாமவன். தானே உதிர்ந்த கனிகள் பசிக்குப் போதும் என எண்ணினான் ஆறாமவன். அறுவர்க்கும் பசி ஒன்றே; உள்ளத்தின் நிறம் கருமை முதல் வெண்மை வரை வேறு வேறு.

சேர்வராயன் மலை இந்த அறுவரையும் கண்டிருக்கிறது. காபித் தோட்டத்துக்காகப் பழங்காடுகள் பெருமளவு அழிந்தன. பின்னர் மேட்டூர் அலுமினிய ஆலைக்காகப் பாக்சைட் வெட்டப்பட்டபோது மலையின் மேல்மண்ணே பெயர்ந்தது. அம்மலையிலேயே, பலா மரத்தை வெட்டாது ஆண்டுதோறும் அதன் கனியை மட்டும் கொள்ளும் குடியினரும் வாழ்கின்றனர்.

கனியைக் கொண்ட பின்னும் மரம் நிற்கிறது. காயைப் பறித்த பின்னும் கொடி வாழ்கிறது. கிழங்கை அகழ்ந்தால் செடி முழுவதும் மடிகிறது. சிராவகர் உணவு நெறி கனியையும் காயையும் முன்னிறுத்தியதன் கருத்து இதுவே. உடலை ஓம்புதலும் உயிரை ஓம்புதலும் ஒரே இலையில் அமையும் என்பதை இல்லந்தோறும் பெற்றோர் இளையோர்க்கு உண்டு காட்டுவார்களாயின், எஞ்சுவது எது என்ற வினாவுக்கு அந்த இலையே விடையாகும்.