வயல்வழிப் பாதையும் கிராமத்து பப்பும்

இங்கிலாந்தில் ஜூன் மாதம் இரவு ஒன்பது மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும். வேலை முடிந்து வந்தவர்கள் இரண்டு மூன்று மைல் காலாற நடக்கக் கிளம்புவார்கள். கோதுமை வயல், ஆடு மேயும் புல்வெளி, வேலியைத் தாண்ட மரப்படி... கடைசியில் கிராமத்து பப்பில் ஒரு கோப்பை பீர். பப் என்றதும் நகரத்து ஆட்டபாட்ட விடுதியை நினைத்துவிட வேண்டாம்! 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம்தான் அது. ஊரார் கூடிப் பேசும் இடம்.

இதில் வரலாறு எங்கே வந்தது என்கிறீர்களா? அந்த வயல் யாரோ ஒருவரின் சொந்த நிலம். ஆனாலும் பாதையில் நடப்பவரை அவர் தடுக்க முடியாது. நிலம் அவருடைய சொத்து. நடக்கும் உரிமை ஊருடையது. இந்த உரிமை சும்மா கிடைத்துவிடவில்லை.

1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அவற்றின் கீழ் வந்த நிலம் சுமார் 68 லட்சம் ஏக்கர். ஊர்ப் பொது மேய்ச்சல் நிலங்கள் தனியார் கைக்குப் போயின. மலைவெளிகளோ செல்வந்தர்கள் பறவை வேட்டையாடும் இடங்களாயின.

மான்செஸ்டர் ஆலைத் தொழிலாளிகளுக்கு வாரத்தில் ஒரே நாள்தான் விடுமுறை. அன்று நல்ல காற்று வாங்கலாம் என்று போனால், பக்கத்து மலையில் காவலாட்கள் விரட்டினார்கள். 1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. ஹேஃபீல்டு கிராமத்திலிருந்து சில நூறு பேர் தடையை மீறி கிண்டர் ஸ்கவுட் மலை மீது ஏறினார்கள். முன்னின்றவர்களில் ஒருவரான பென்னி ராத்மனுக்கு வயது 20. காவலாட்களோடு கைகலப்பு நடந்தது. ஐந்து பேருக்கு 2 முதல் 6 மாதம் வரை சிறை. ராத்மனுக்கு 4 மாதம்.

ஆனால் காற்று திசை மாறியது. பொதுப்பாதைகளை வரைபடத்தில் பதிய வேண்டும் என்று 1949இல் சட்டம் வந்தது. 1951இல் கிண்டர் அடங்கிய பீக் டிஸ்ட்ரிக்ட், நாட்டின் முதல் தேசியப் பூங்காவானது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் திறந்த மலைவெளிகளில் நடக்கும் உரிமையைத் தந்தது. 2002இல், அன்றைய நிலப்பிரபுவின் பேரனான டெவன்ஷயர் பிரபு, தாத்தா காலத்தில் நடந்ததற்காக எல்லோர் முன்னிலையிலும் வருத்தம் தெரிவித்தார்.

சரி, பப்புக்கு வருவோம். 1830ஆம் ஆண்டுச் சட்டப்படி, வரி செலுத்தும் எவரும் இரண்டு கினி கட்டி உரிமம் வாங்கி பீர் விற்கலாம். சாதாரணக் குடியானவர் வீட்டு முன்னறைகூட கடையானது. அப்படிப் பெருகியவை பின்னாளில் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கம்ப்ரியாவில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் கிராமத்தார் சும்மா இருக்கவில்லை. 2003இல் கூட்டுறவாகப் பணம் போட்டு, தங்கள் ஊர் 'ஓல்டு கிரவுன்' பப்பைத் தாங்களே வாங்கினார்கள்.

மக்கள் 20 ஆண்டுகள் தடையின்றி நடந்தால் அதைப் பொதுப்பாதையாக ஏற்கலாம் என்பதும் அந்நாட்டுச் சட்டம்தான். கால் பட்டால்தான் பாதை. ஆள் வந்தால்தான் பப். ஒரு மாலை நடை இரண்டையும் காப்பாற்றுகிறது!