மெழுகுக் கலவையும் அதன் விலையும்: திண்டுக்கல் சமவெளியை முன்வைத்து ஒரு பொருள்சார் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

மெழுகுவர்த்தி ஒரே பொருளால் ஆனதுபோல் தோன்றினும், அது பெரும்பாலும் பல மெழுகுகளின் கலவையாகும். அக்கலவையில் எது எவ்வளவு சேர்கிறது என்பதை உருக்குபவரின் கைத்திறன் மட்டும் தீர்மானிப்பதில்லை. மெழுகு எங்கிருந்து வருகிறது, அதை வேறு யார் கேட்கிறார்கள், எந்த விதி அதைக் கட்டுப்படுத்துகிறது என்பவையே பெரிதும் தீர்மானிக்கின்றன. தேன்மெழுகு தரும் பழனி மலைக்கும், பாரபின் மெழுகைப் பெருமளவில் நுகரும் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டித் தீப்பெட்டி வட்டாரத்திற்கும் இடையில் அமைந்த திண்டுக்கல் சமவெளியைக் களமாகக் கொண்டு, மெழுகின் வரத்தும் விலையும் கலவையை மாற்றிய முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தேன்மெழுகு, பாரபின் மெழுகு, ஸ்டியரிக் அமிலம், திண்டுக்கல், பழனி மலை, தீப்பெட்டித் தொழில், விலைக் கட்டுப்பாடு.

முன்னுரை

திண்டுக்கல்லின் தொழில் வரலாறு பூட்டு, தோல், புகையிலை, நெசவு ஆகியவற்றைக் கொண்டே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. குடிசைத் தொழில் அளவில் நிகழும் மெழுகுவர்த்தி வார்ப்பு அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. இதற்குப் பொருளின் இயல்பே ஒரு காரணம். பூட்டு எஞ்சும், மெழுகுவர்த்தி எரிந்து தீரும். எனினும் எரிந்து தீர்ந்த பொருளின் வரலாற்றை அதன் மூலப்பொருள் வந்த வழிகளைக் கொண்டு மீட்டெடுக்க இயலும். திருச்சபையின் வழிபாட்டு விதி, எண்ணெய்ச் சுத்திகரிப்பின் தொழில்நுட்பம், அரசின் விலை ஆணை ஆகிய மூன்றும் இதற்குச் சான்றாகின்றன.

1. சொல்லும் பொருளும்

மெழுகு என்பது தமிழில் அடிப்படையில் தேனடையிலிருந்து பெறும் பொருளையே குறித்தது. தரையைச் சாணத்தால் பூசுவதை மெழுகுதல் என்பதும், சித்த மருத்துவத்தில் குழைவான மருந்து வகையை மெழுகு என்பதும் குழைந்து படியும் தன்மையைச் சுட்டும் வழக்குகள். தமிழகத்தில் மெழுகுவர்த்தி என்றும், ஈழத்தில் மெழுகுதிரி என்றும் வழங்கும் பொருள் இவற்றுக்குப் பிற்பட்டது. தமிழரின் விளக்கு எண்ணெய் விளக்கே. இலுப்பை, ஆமணக்கு, புங்கம், எள் ஆகியவற்றின் எண்ணெய் வீட்டுக்கும் கோயிலுக்கும் ஒளி தந்தது.

ஆனால் மெழுகைக் கலந்து பயன்படுத்தும் அறிவு மெழுகுவர்த்தியோடு வந்ததன்று. செப்புத் திருமேனி வார்க்கும் சிற்பிகள் தேன்மெழுகுடன் குங்கிலியத்தையும் எண்ணெயையும் சேர்த்தே கருவை உருவாக்கினர். குங்கிலியம் இறுக்கம் தரும். எண்ணெய் இளக்கம் தரும். ஆக, கலவை என்பது கலப்படமன்று. ஒரு மெழுகில் இல்லாத பண்பை மற்றொன்றிலிருந்து பெறும் முறை. இவ்வேறுபாடு பின்னர் வரும் விலைச் சிக்கல்களைப் புரிந்துகொள்ளத் தேவையானது.

2. மலைத் தேன்மெழுகும் வழிபாட்டு விதியும்

பழனி மலையின் பாறை முகடுகளில் மலைத்தேனீ கட்டும் பெருந்தேனடைகளைப் பளியர் நெடுங்காலமாக எடுத்து வந்துள்ளனர். தேனைப் பிழிந்தபின் எஞ்சும் சக்கையை உருக்கி வடிகட்டினால் மெழுகு கிடைக்கும். எனவே தேன்மெழுகு தனக்கென விளைவிக்கப்படும் பொருளன்று. தேன் அறுவடையின் துணைவிளைவு. மெழுகுக்கு விலை ஏறினாலும் அடைகள் கூடுவதில்லை. ஒரு கிலோ மெழுகைச் சுரக்கத் தேனீக்கள் அதைப்போல் பல மடங்கு தேனை உண்ண வேண்டும் என்பது இதன் உயிரியல் அடிப்படை.

இம்மெழுகுக்குச் சமவெளியில் நிலையான தேவையை உண்டாக்கியது கத்தோலிக்க வழிபாடு. 1838 முதல் மீண்டும் செயல்பட்ட இயேசு சபையின் மதுரை மறைப்பணித் தளத்தில் திண்டுக்கல் முக்கிய மையம். நகரின் புனித சூசையப்பர் ஆலயம் 1866 முதல் 1872 வரை கட்டப்பட்டது. திருப்பலிக்குரிய மெழுகுதிரி தேன்மெழுகால் ஆனதாக இருக்கவேண்டும் என்பது திருச்சபையின் பழைய மரபு. மலிவான மெழுகுகள் பரவியபின் அம்மரபைக் காப்பது கடினமாயிற்று. 1904 டிசம்பரில் உரோமையின் வழிபாட்டுப் பேராயம் ஓர் இசைவை அளித்தது. பாஸ்கா திரியும் திருப்பலியின் இரு திரிகளும் பெரும்பகுதி தேன்மெழுகாக இருக்கவேண்டும். பீடத்தின் பிற திரிகளில் தேன்மெழுகு மிகுதியாகவோ குறிப்பிடத்தக்க அளவிலோ இருந்தால் போதும் என்றது அது. கலவை தவிர்க்க முடியாதது என்பதைச் சந்தை உணர்த்த, சமயச் சட்டம் அதை ஏற்றுக்கொண்டதன் பதிவு இது.

இதே காலத்தில் இயேசு சபைத் துறவியான நியூட்டன், தென்னிந்திய அடுக்குத் தேனீக்கு ஏற்ற சிறிய பெட்டியை 1910ஆம் ஆண்டளவில் வடிவமைத்து, தேனீ வளர்ப்பில் பயிற்சியும் அளித்தார். நியூட்டன் பெட்டி என அது இன்றும் வழங்குகிறது. இப்பெட்டியில் அடைகள் சட்டங்களில் அமைகின்றன. சுழற்சிக் கருவியால் தேனை எடுத்தபின் வெற்று அடையை மீண்டும் பெட்டிக்குள் வைக்கலாம். தேனீக்கு மெழுகு சுரக்கும் உழைப்பு மிச்சமாகித் தேன் பெருகும். ஆனால் உருக்குவதற்கு அடை கிடைப்பதில்லை. தேன் விளைச்சலைக் கூட்டிய நுட்பம், கிடைக்கும் தேனுக்கு ஏற்ற மெழுகின் அளவைக் குறைத்தது. தேன்மெழுகின் விலை தேனின் விலையிலிருந்து விலகிச் செல்வதற்கு இது ஒரு காரணம்.

3. இரங்கூன் மெழுகு

1850களில் பர்மாவின் நில எண்ணெய் இலண்டன் பிரைஸ் நிறுவனத்திற்குச் சென்று, அங்கு பாரபின் மெழுகாகவும் மெழுகுவர்த்தியாகவும் மாறியது. 1886இல் தொடங்கப்பட்ட பர்மா ஆயில் நிறுவனம், ஏனாங்யவுங் எண்ணெயை இரங்கூனை அடுத்த சிரியம் ஆலையில் சுத்திகரித்தது. பர்மா எண்ணெய் மெழுகு மிகுந்தது. ஆகவே விளக்கெண்ணெயாக மண்ணெண்ணெயும், அதனுடன் பாரபின் மெழுகும் வங்கக் கடலைக் கடந்து சென்னை மாகாணத்திற்கு வந்தன. 1870களின் நடுவில் திருச்சிராப்பள்ளி, திண்டுக்கல், மதுரை, தூத்துக்குடி வழியாக அமைந்த இருப்புப் பாதை, துறைமுகச் சரக்கைச் சமவெளி நகரங்களுக்கு எளிதில் கொணரும் வழியை ஏற்கெனவே திறந்திருந்தது.

1937 வரை பர்மா இந்தியப் பேரரசின் ஒரு மாகாணமாதலால் இது உள்நாட்டு வணிகமே. அசாமின் திக்பாய் ஆலை 1901 முதல் இயங்கினும், தென்கோடிக்கு இரங்கூன் கடல்வழியே அணுக்கமானது. 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை நெருங்கியபோது பிரித்தானியர் சிரியம் ஆலையைத் தாமே தகர்த்தனர். மண்ணெண்ணெயும் மெழுகும் ஒரே மூலத்திலிருந்து வந்தமையால், ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாக அமையும் வாய்ப்பும் அப்போது குறைந்தது.

4. துணைப்பொருளின் விலை

விடுதலைக்குப் பிந்தைய விலை வரலாற்றின் திறவுகோல் பாரபின் மெழுகு பிறக்கும் முறையில் உள்ளது. மசகு எண்ணெய் குளிரில் உறையாதிருக்க அதிலுள்ள மெழுகைக் கரைப்பான் கொண்டு பிரிக்கின்றனர். பிரிந்து வருவது எண்ணெய் கலந்த கசடு மெழுகு. அதிலிருந்து எண்ணெயை மேலும் நீக்கினால் பாரபின் மெழுகு கிடைக்கும். ஆகவே மெழுகு உற்பத்தி மசகு எண்ணெய்த் தேவையைப் பின்தொடர்கிறதே தவிர மெழுகுவர்த்தித் தேவையை அன்று. இவ்வகையில் பாறைமுகட்டுத் தேன்மெழுகும் சுத்திகரிப்பு ஆலை மெழுகும் ஒரே இயல்பின. இரண்டும் பிறிதொன்றின் துணைவிளைவுகள்.

1965இல் நிறுவப்பட்டு 1969இல் உற்பத்தியைத் தொடங்கிய மணலியின் சென்னை சுத்திகரிப்பு ஆலை, 1980களில் மெழுகுப் பிரிவையும் பெற்றது. அதன் கொள்திறன் பின்னர் ஆண்டுக்கு 30,000 டன் ஆயிற்று. மெழுகுவர்த்திக்கும் தீக்குச்சிக்கும் நீர்க்காப்புப் பொருள்களுக்கும் உரிய மெழுகை வழங்குவதே அப்பிரிவின் நோக்கம். தீக்குச்சியின் மரத்தை மெழுகில் தோய்த்தால்தான் தலைமருந்தின் சுடர் மரத்தில் பற்றும். 1923இல் சிவகாசியில் வேரூன்றத் தொடங்கிய தீப்பெட்டித் தொழில், இவ்வாறு திண்டுக்கல் மெழுகுவர்த்தியின் போட்டியாளராயிற்று. சின்னாளபட்டிச் சுங்குடியில் மெழுகு அச்சிட்டுச் சாயம் தோய்க்கும் முறைக்கும் இதே மெழுகு தேவை. ஆனால் அங்குத் துணியை வெந்நீரில் இட்டு மெழுகை மீட்டு மீண்டும் பயன்படுத்தலாம். எரிபொருளான மெழுகுவர்த்தியில் அது இயலாது.

பற்றாக்குறையை ஆளும் பொருட்டு, பாரபின் மெழுகின் வழங்கல், பகிர்வு, விலை நிர்ணயம் குறித்த ஆணையை நடுவண் அரசு 1972இல் பிறப்பித்தது. தமிழகத்தில் சிறுதொழில் வளர்ச்சிக் கழகமான சிட்கோ பதிவுபெற்ற அலகுகளுக்கு ஒதுக்கீட்டு மெழுகை வழங்கியது. இவ்வமைப்பில் இரு விலைகள் தோன்றுவது இயல்பு: ஆணை வகுத்த விலை ஒன்று, வெளிச்சந்தை விலை மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடைவெளி விரிந்தால், மெழுகை வார்ப்பதைவிட ஒதுக்கீட்டை விற்பதே ஆதாயமாகும். பதிவு இல்லாத வீட்டுத் தொழிலாளருக்கோ வெளிச்சந்தை விலையே உண்மை விலை. சிறுதொழிலைக் காக்க எழுந்த விதி, அதனினும் சிறியவரை வெளியே நிறுத்தும் இயல்பையும் கொண்டிருந்தது.

5. கலவை மாறும் விதம்

மெழுகின் விலை ஏறும்போது மெழுகுவர்த்தியின் விலையை உடனே ஏற்ற இயலாது. வாங்குபவர் அதைக் குறிப்பிட்ட விலைக்குரிய குறிப்பிட்ட நீளமாகவே அறிவர். எனவே மாற்றம் கலவையில் நிகழ்கிறது. எண்ணெய்ச் சத்து அரை விழுக்காட்டுக்கும் குறைந்த முழுச் சுத்திகரிப்பு மெழுகுக்குப் பதில் அரைச் சுத்திகரிப்பு மெழுகும், அதனினும் மலிந்த கசடு மெழுகும் சேரும். அதன் விளைவு புகையும் நெடியும் வளையும் உடலுமாகும்.

வெப்பமும் இதில் ஒரு தரப்பு. மெழுகுவர்த்திக்கு ஏற்ற பாரபின் மெழுகு ஏறத்தாழ 54 முதல் 62 டிகிரி செல்சியஸில் உருகும். தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரியில் உருகும். உருகுநிலையை எட்டுவதற்கு முன்னரே மெழுகு இளகத் தொடங்கும். சமவெளியின் கோடையில் அடுக்கிவைத்த சரக்கு வளையாதிருக்க ஸ்டியரிக் அமிலத்தைச் சேர்ப்பர். அது இறுக்கமும் வெண்மையும் தரும். அச்சிலிருந்து வர்த்தி எளிதில் கழலவும் உதவும்.

ஸ்டியரிக் அமிலத்திற்கும் தனி வரலாறு உண்டு. அது முதலில் விலங்குக் கொழுப்பிலிருந்து பெறப்பட்டது. வனஸ்பதியில் மாட்டுக் கொழுப்புக் கலப்படம் 1983இல் பெரும் சர்ச்சையாகி, அக்கொழுப்பின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. உணவு குறித்த அச்சிக்கல் தொழிற்பொருளையும் தொட்டது. தாவர எண்ணெய் வழிப் பொருளின் பங்கு உயர்ந்தது. பின்னாளில் மலேசிய, இந்தோனேசியப் பாமாயில் இதன் முதன்மை மூலமாயிற்று. 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா தன் உள்நாட்டுச் சமையல் எண்ணெய் விலைக்காகப் பாமாயில் ஏற்றுமதியை ஏறத்தாழ மூன்று வாரம் நிறுத்தியபோது, அதன் தாக்கம் இக்கலவையின் சிறுபங்கு வரை எட்டக்கூடியதாயிருந்தது.

6. கட்டுப்பாடு நீங்கியபின்

1998இல் பாரபின் மெழுகு அரசு நிர்ணய விலையிலிருந்து விடுபட்டது. அதன்பின் கச்சா எண்ணெய் விலை, டாலரின் மாற்று மதிப்பு, உலகின் பெரும் ஏற்றுமதியாளரான சீனாவின் வரத்து ஆகியவை உள்ளூர் விலையைத் தொட்டன. மற்றொரு மாற்றம் மெல்ல நிகழ்ந்தது. புதிய மசகு எண்ணெய் ஆலைகள் மெழுகைப் பிரித்தெடுப்பதற்குப் பதில், வினையூக்கியால் அதை எண்ணெயாகவே மாற்றுகின்றன. பழைய முறை ஆலைகள் உலகெங்கும் குறையக் குறைய, கச்சா எண்ணெய் மலிந்தாலும் மெழுகு மலியும் என்ற உறுதி இல்லாதுபோயிற்று.

2008க்குப் பிறகு தமிழகத்தில் பரவி 2012இல் உச்சம் பெற்ற மின்வெட்டு, தேவையின் பக்கத்தைக் காட்டும் சான்று. மெழுகுவர்த்திக்கான தேவை திடீரென உயர்ந்தது. ஆனால் மசகு எண்ணெய் ஆலை அதற்காகக் கூடுதல் மெழுகைப் பிரிக்காது. ஆகவே தேவை பெருகிய காலமே மூலப்பொருளுக்கு முன்பணம் தேட வேண்டிய காலமும் ஆயிற்று. மின்வழங்கல் சீரடைந்து, மின்னேற்றும் விளக்குகள் பரவியபின் அத்தேவை வடிந்தது. எஞ்சியது பெரும்பாலும் ஆலயமும் கல்லறைத் திருநாளும் பிறந்தநாளும் சார்ந்த தேவையே. 2003இல் திண்டுக்கல் தனி மறைமாவட்டம் ஆனது. வழிபாட்டுத் தேவையின் தொடர்ச்சியை இது நினைவூட்டுகிறது. பாஸ்கா திரி மெழுகால் ஆனதாகவே இருக்கவேண்டும் என 1988ஆம் ஆண்டின் உரோமை மடல் வலியுறுத்துகிறது.

முடிவுரை

திண்டுக்கல் சமவெளியின் மெழுகுவர்த்திக் கலவை மூன்று நிலைகளைக் கடந்துள்ளது. முதல் நிலையில் வழிபாட்டு விதி தேன்மெழுகின் பங்கை வரையறுத்தது. இரண்டாம் நிலையில் அரசு ஆணை பாரபின் மெழுகைப் பகிர்ந்தது. மூன்றாம் நிலையில் உலகச் சந்தை அவ்விடத்தைப் பெற்றது. மூன்றிலும் மாறாதது ஒன்று: மெழுகு எப்போதும் பிறிதொரு பொருளின் துணைவிளைவாகவே வந்துள்ளது. தேன் எடுப்போரும் மசகு எண்ணெய் ஆலைகளும் கொள்ளும் முடிவுகளே வரத்தை வகுத்தன. வார்ப்பவருக்கு எஞ்சிய உரிமை கலவையை மாற்றுவது மட்டுமே. ஆகவே மலிவான மெழுகுவர்த்தியின் புகையைத் தரக்குறைவு என்று மட்டும் படிப்பது போதாது. விலையை ஏற்ற இயலாத சிறு உற்பத்தியாளர் தாங்கிய சுமையின் பதிவாகவும் அதைப் படிக்க வேண்டும். பூட்டுக்கும் தோலுக்கும் தரப்படும் கவனம் மெழுகுக்கும் கிடைக்குமாயின், மலைக்கும் சமவெளிக்கும் துறைமுகத்திற்கும் இடையிலான பொருள்வழிகள் குறித்த வட்டார வரலாறு மேலும் தெளிவுபெறும்.